தொடர்மாடி வீட்டில் இரவில் எழும் துர்நாற்றம்: தரையை உடைக்கத்தான் வேண்டுமா?

கேள்வி: வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கையொன்றில், தொடர்மாடியின் மூன்றாம் மாடி வீட்டில் நானும் கணவரும் வசிக்கிறோம். மகன் கனடாவில் இருக்கிறார். கடந்த ஆவணி மாதத்திலிருந்து எங்கள் படுக்கையறைக்கு வெளியே உள்ள நடைவழியில் ஒரு கெட்ட நாற்றம் வருகிறது. சில நாட்களில் கூழ்முட்டை போலவும் சில நாட்களில் சாக்கடைக் கான் போலவும் நாறுகிறது. இரவில் ஏசியைப் போட்டு, யன்னல்களைச் சாத்தி, அறையோடு சேர்ந்த குளியலறையின் எக்ஸோஸ்ட் விசிறியையும் ஓட விட்டுப் படுப்போம்; அப்போதுதான் கூடுதலாகத் தெரிகிறது. காலையில் யன்னல்களைத் திறந்து சிறிது நேரத்தில் போய்விடுகிறது. மார்கழியில் மகன் குடும்பத்தோடு வந்து தங்கிய மூன்று வாரமும் நாற்றமே இருக்கவில்லை. அவர்கள் போய்ச் சில வாரங்களில் மீண்டும் தொடங்கிவிட்டது. பினாயில், சாம்பிராணி, அசிட் எல்லாம் பார்த்தாயிற்று. கட்டட வேலை செய்யும் ஒரு பாஸ் வந்து பார்த்துவிட்டு, இரண்டு குளியலறைகளின் தரையையும் உடைத்துக் குழாய் மாற்ற வேண்டும் என்கிறார். கணவர் தமக்கு ஒன்றும் மணக்கவில்லை, எல்லாம் என் பிரமை என்கிறார். பக்கத்து வீட்டார் கால்வாய் நாற்றம் என்கிறார்கள். ஆட்களை வீட்டுக்கு அழைக்கவே கூச்சமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

ஒரு வாசகி, கொழும்பு 6

பதில்: அன்புள்ள வாசகி அவர்களுக்கு,

தரையை உடைக்க இப்போது அனுமதிக்க வேண்டாம். கட்டடங்களின் நீர்க்குழாய், கழிவுக்குழாய் வேலைகளைப் பரிசோதிப்பதையே தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில், உங்கள் கடிதத்தை இரண்டு தடவை வாசித்த பின்னரே இதனைச் சொல்கிறேன். நாற்றம் எங்கிருந்து வருகிறது என்பதற்கான சாட்சியம் அந்தக் கடிதத்திலேயே பெருமளவு இருக்கிறது. அதனை உறுதிப்படுத்திக்கொள்ள உங்களுக்கு ஒரு பொலித்தீன் பையும் ஒரு வாளி தண்ணீரும் சில இரவுகளும் போதும்.

அதற்கு முன்னர் உங்கள் கணவரைப் பற்றி ஒரு வார்த்தை. அவருக்கு மணக்கவில்லை என்பதும் உங்களுக்கு மணக்கிறது என்பதும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம். ஒரு மணத்துக்குள் சில நிமிடங்கள் தொடர்ந்து இருந்தாலே மூக்கு அதற்குப் பழகி, அதனை அறிவிப்பதை நிறுத்திவிடும்; வயது, பழைய சளித்தொல்லை, புகைப்பழக்கம் ஆகியவையும் மோப்பத்தைக் குறைக்கும். ஆகவே அவரைக் காலையில் கடற்கரைப் பக்கம் நடந்துவரச் சொல்லுங்கள். அவர் திரும்பும் வரை யன்னல்களைத் திறக்காதீர்கள். கதவைத் திறந்து உள்ளே வந்து எடுக்கும் முதல் இரண்டு மூச்சில் அவருக்கு என்ன படுகிறது என்று கேளுங்கள். வீட்டுக்குள் நின்றபடியே மீண்டும் மீண்டும் முகர்ந்து பார்ப்பதால் பயனில்லை. கூழ்முட்டை நாற்றத்தைத் தரும் ஐதரசன் சல்பைட்டு வாயுவைப் பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கும் வெகு குறைவான அளவிலேயே மனித மூக்கு கண்டுபிடித்துவிடும். எனவே உங்களுக்கு நாற்றம் படுகிறது என்றால் அங்கே ஏதோ ஒன்று இருக்கிறது. இதனைப் பிரமை என்று சொல்வதற்கு எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

உங்கள் வீட்டு நாற்றம் உடனடி ஆபத்தைக் காட்டும் வகையைச் சேர்ந்தது அல்ல என்றாலும், இதனை வாசிக்கும் மற்றவர்களுக்காக இரண்டு நாற்றங்களைத் தனியே சொல்லியாக வேண்டும். சமையல் எரிவாயுவுக்கு இயல்பாக மணம் இல்லை. கசிந்தால் தெரிய வேண்டும் என்பதற்காகவே எதைல் மெர்கப்டன் என்ற பொருளை அதில் கலக்கிறார்கள். 2021ஆம் ஆண்டின் இறுதி மாதங்களில் நாட்டின் பல பாகங்களில் எரிவாயு தொடர்பான வெடிப்புகள் நிகழ்ந்தபோது, இந்த மணப்பொருளின் அளவும் பெரிய விவாதமானதை நாம் மறந்திருக்க முடியாது. அழுகிய முட்டைக்கோசு போன்ற நாற்றம் சமையலறையில், குறிப்பாகத் தரையை ஒட்டித் தெரிந்தால், எந்த மின் ஆளியையும் தொடாமல் ரெகுலேட்டரை மூடிக் கதவு யன்னல்களைத் திறந்துவிட்டு வெளியேற வேண்டும். கொழும்புத் தீயணைப்புப் படையை 110 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். மற்றையது மீன் வாடை. சமைக்காத நேரத்தில், ஒரு பிளக்கின் அருகிலோ ஏசியின் ஆளியின் அருகிலோ மீன் வாடையோ சிறுநீர் வாடையோ வந்தால், உள்ளே பிளாஸ்டிக் பாகம் சூடேறிக் கருகுகிறது என்று கொள்ள வேண்டும். கடலுக்கு அருகிலுள்ள வீடுகளில் உப்புக்காற்றால் செப்புக் கம்பிகளின் முனைகள் பச்சை பிடித்து இணைப்புத் தளர்வது சாதாரணம் என்பதால், பிரதான ஆளியை அணைத்துவிட்டு அன்றைக்கே மின்னியலாளரை அழைப்பது அவசியம். இந்த இரண்டிலும் சோதனை செய்துகொண்டிருக்க நேரமில்லை.

இனி உங்கள் வீட்டுக்கு வருகிறேன். கால்வாய் நாற்றம் என்று அயலவர் சொல்வதை ஒதுக்கிவிடலாம். வெளியிலிருந்து வரும் நாற்றம் யன்னலைத் திறந்தால் கூட வேண்டும்; உங்கள் வீட்டில் யன்னலைத் திறந்தால் அது போய்விடுகிறது. மகன் குடும்பம் வந்து போவதும் கால்வாய்க்குத் தெரியாது. எங்கோ எலி செத்துக் கிடக்கிறதா என்று நீங்கள் கேட்கவில்லை என்றாலும் பலருக்கு வரும் முதல் ஐயம் அதுதான். செத்த எலியின் நாற்றம் ஓரிரு நாட்களில் தொடங்கி, உச்சத்துக்குப் போய், சில வாரங்களில் தானாகவே அடங்கிவிடும், பெரும்பாலும் பெரிய நீலப்பச்சை ஈக்களும் கூடவே வரும். ஆவணியிலிருந்து நீடிக்கும் நாற்றத்தை அப்படி விளக்க முடியாது. பூஞ்சணமும் ஏசியின் அழுக்கு வடிகட்டியும் தருவது புழுங்கிய துணியின் மணம்; அது கூழ்முட்டையாக மணக்காது.

மகன் குடும்பம் தங்கியிருந்த மூன்று வாரங்களில் வீட்டில் எது மாறியது? நீங்கள் இருவரும் அறையோடு சேர்ந்த குளியலறையைத்தான் பயன்படுத்துவீர்கள். நடைவழியில் உள்ள மற்றக் குளியலறையில் யாரும் குளிப்பதில்லை என்று ஊகிக்கிறேன். மார்கழியில் அங்கே நாள்தோறும் பலர் குளித்தார்கள், தரையில் தண்ணீர் ஓடியது. அவர்கள் போன பின்னர் அந்தத் தரை மீண்டும் காய்ந்தது, சில வாரங்களில் நாற்றமும் திரும்பியது. இந்தக் காலக்கணக்கு ஒரு சரியான காரணத்தைச் சுட்டுகிறது.

குளியலறைத் தரையின் மூலையில் துளைகள் உள்ள ஒரு தட்டு இருக்கும் அல்லவா? அதன் கீழே, தொழிலாளர்கள் ட்ராப் என்று சொல்லும் வளைவில், எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தங்கி நிற்கும்படி அமைத்திருப்பார்கள். முறையாகச் செய்த வேலையில் அந்த நீரின் ஆழம் 50 மில்லிமீற்றர் அளவிலாவது இருக்கும். கழிவுக்குழாயில் உள்ள வாயுவுக்கும் உங்கள் வீட்டுக்காற்றுக்கும் இடையே உள்ள ஒரே கதவு அந்தத் தண்ணீர்தான். அலெக்சாண்டர் கமிங் என்ற கடிகாரம் செய்பவர் 1775இல் இலண்டனில் மலசலகூடத்துக்கு வளைகுழாயோடு காப்புரிமை பெற்றதிலிருந்து இன்றுவரை உலகம் முழுவதும் இந்த ஏற்பாட்டையே நம்பியிருக்கிறது. கொழும்பு மாநகரின் கழிவுநீர்க் குழாய்த்தொகுதி பிரித்தானியர் காலத்தில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைக்கப்பட்டது. சேரும் கழிவுநீர் வெள்ளவத்தையிலும் முகத்துவாரத்திலும் உள்ள குழாய்களின் வழியே கடலுக்குள் செல்கிறது. உங்கள் தொடர்மாடி அதனோடு இணைந்திருந்தால், அந்தச் சிறு வளைவின் தண்ணீர் காய்ந்ததும், மாடிகளின் ஊடாக இறங்கும் பொதுக் கழிவுக்குழாயின் காற்று மட்டுமல்ல, வீதிக்குக் கீழே உள்ள குழாயின் காற்றும் உங்கள் நடைவழிக்கு வரலாம். கமோட்டில் தண்ணீர் அதிகம் என்பதால் அது காய நாளாகும். ஆழம் குறைந்த தரை வடிகால்தான் முதலில் காயும்.

அப்படியானால் பகலில் ஏன் நாற்றம் இல்லை? இங்கேதான் உங்கள் எக்ஸோஸ்ட் விசிறி வருகிறது. யன்னல்களைச் சாத்திவிட்டு அந்த விசிறியை இரவு முழுதும் ஓட விட்டால், அது வெளியே தள்ளும் காற்றுக்கு ஈடான காற்று எங்கிருந்தாவது உள்ளே வந்தாக வேண்டும். படுக்கையறைக் கதவின் அடி இடுக்கு வழியாக நடைவழிக் காற்றை அது இழுக்கிறது. நடைவழி மற்றக் குளியலறையிலிருந்து இழுக்கிறது. அந்தக் குளியலறைக்குக் காற்று வர எஞ்சியிருக்கும் வழி காய்ந்துபோன தரை வடிகால். காலையில் யன்னலைத் திறந்ததும் காற்றுக்கு இலகுவான வழி கிடைத்துவிடுவதால் வடிகாலிலிருந்து இழுபடுவது நின்றுவிடுகிறது.

இது என் ஊகம். இதனைச் சோதிக்கும் முறையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பலர் அவசரத்தில் எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்துவிட்டு, நாற்றம் நின்றாலும் எதனால் நின்றது என்று தெரியாமல் தவிக்கிறார்கள்.

முதலில் ஒரு டோர்ச் லைட்டை எடுத்துக்கொண்டு அந்தக் குளியலறைக்குள் செல்லுங்கள். தட்டைத் தூக்கினால் அதன் அடியில் சோப்பும் முடியும் சேர்ந்து சாம்பல் நிறக் களியாகப் பிடித்திருக்கும். உள்ளே ஒளியைப் பாய்ச்சும்போது தண்ணீர் இருந்தால் அது மினுங்கும். இல்லையென்றால் கறுத்த துளை மட்டும் தெரியும். சில வடிகால்களில் வளைகுழாய்க்குப் பதிலாக, கவிழ்த்த கிண்ணம் போன்ற ஒரு சிறு மூடி தண்ணீருக்குள் அமிழ்ந்திருக்கும். முடி அடைக்கிறது என்று துப்புரவு செய்பவர்கள் அதனைக் கழற்றி எறிந்துவிடுவதை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். அது இல்லாவிட்டால் எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் வாயு வருவது நிற்காது. அதே அளவிலான புதிய மூடியை வாங்கிப் பொருத்த வேண்டும். பின்னர் விசிறியை ஓட விட்டு, யன்னல்களைச் சாத்தி, புறங்கையை நனைத்து அந்தத் துளைக்கு மேலே பிடியுங்கள். காற்று மேலெழுந்தால் நனைந்த தோலில் குளிர்ச்சியாகத் தெரியும். சமையல் எரிவாயு ஐயம் இல்லாத வீட்டில் ஓர் ஊதுபத்தியையும் பிடித்துப் பார்க்கலாம். புகை துளையிலிருந்து விலகி மேலே தள்ளப்பட்டால் காற்று உள்ளே வருகிறது என்று பொருள்.

முதல் இரவு தண்ணீர் ஊற்ற வேண்டாம். கனமான பொலித்தீன் பையொன்றில் அரைவாசிக்குத் தண்ணீர் நிரப்பி, வாயை இறுகக் கட்டி, அந்தத் தட்டின் மேல் வைத்துவிடுங்கள். பை தன் பாரத்தாலேயே படிந்து துளைகள் அனைத்தையும் அடைத்துக்கொள்ளும். ஈரத்தரையில் ஒட்டாத டேப்போடு போராடத் தேவையில்லை. மற்ற எதையும் மாற்றாமல், வழக்கம்போல ஏசியையும் விசிறியையும் போட்டு உறங்குங்கள். இரண்டு இரவுகள் தொடர்ந்து நாற்றம் வராவிட்டால் இடம் அகப்பட்டுவிட்டது. மூன்றாம் நாள் பையை அகற்றிவிட்டு ஒரு வாளி தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். அதன் பின்னரும் நாற்றம் வராவிட்டால், காய்ந்துபோனதைத் தவிர அந்த வடிகாலில் வேறு குறை இல்லை. வாரம் ஒரு தடவை ஒரு வாளி தண்ணீர் ஊற்றுவதே அதற்கான முழு மருத்துவமும். நீங்கள் கனடாவுக்குப் போய் மாதக்கணக்கில் தங்குவதாக இருந்தால், தண்ணீர் ஊற்றிய பின் பாமசியில் கிடைக்கும் லிக்விட் பரபினில் இரண்டு மேசைக்கரண்டி விட்டுச் செல்லுங்கள். அது மேலே படலமாக மிதந்து ஆவியாதலைத் தடுக்கும். தேங்காயெண்ணெயை விட வேண்டாம், அது நாளடைவில் காறல் நாற்றம் பிடிக்கும்.

பையை வைத்தபோது நின்ற நாற்றம், தண்ணீர் ஊற்றிய பின்னர் திரும்ப வந்தால் விடயம் வேறு. மறுநாள் காலை டோர்ச்சோடு மீண்டும் பாருங்கள். ஒரே இரவில் தண்ணீர் மறைந்திருந்தால் அது ஆவியாகவில்லை, உறிஞ்சப்பட்டிருக்கிறது. மேல்மாடியில் கமோட்டின் தண்ணீர் விடும்போது உங்கள் வடிகாலில் குளக் குளக் என்று சத்தம் கேட்கிறதா என்று கவனியுங்கள். கேட்டால், பொதுக் கழிவுக்குழாய்க்குள் காற்று வந்துபோவதற்காக மொட்டைமாடியில் திறந்திருக்க வேண்டிய காற்றுக்குழாய் அடைபட்டிருக்கக்கூடும். பின்னாளில் மேலே ஓர் அறை கட்டும்போது அந்தக் குழாயை வெட்டி மூடிவிடுவதும், காகம் கூடு கட்டிவிடுவதும் நடப்பதுதான். தண்ணீர் ஒரு வாரத்தில் சிறிது சிறிதாகக் குறைந்தால் வளைவில் வெடிப்பு இருக்கலாம். கீழ்வீட்டாரின் குளியலறைக் கூரையில் ஈரக்கறை இருக்கிறதா என்று தயவாகக் கேட்டுப் பாருங்கள். தரையை உடைப்பது பற்றிப் பேசத் தகுதியான முதற்சான்று அந்தக் கறைதான்.

பையை வைத்த இரவுகளிலும் நாற்றம் குறையவில்லை என்றால், அதே முறையில் உங்கள் அறைக் குளியலறையின் தரை வடிகாலையும், பின்னர் பேசினையும் ஒவ்வோர் இரவுக்கு ஒன்றாக அடைத்துப் பாருங்கள். கமோட்டின் இரண்டு பக்கத்தையும் பிடித்து மெல்ல ஆட்டிப் பாருங்கள். சற்றே அசைந்தாலும் அதன் அடி இணைப்பு விட்டிருக்கலாம். தண்ணீர்த் தாங்கிக்குள் கொஞ்சம் கேசரிப் பவுடரைக் கரைத்துவிட்டுச் சில தடவை தண்ணீர் விட்டால், கசிவு இருக்கும் பட்சத்தில் அடிப்பாகத்தைச் சுற்றி நிறம் தெரியும். ஏசியிலிருந்து வடியும் நீரின் குழாய் எங்கே முடிகிறது என்பதையும் பாருங்கள். அதனை நேரடியாகக் கழிவுக்குழாய்க்குள் செருகியிருந்தால், அந்த வழியாக வாயு ஏறி உங்கள் கட்டிலின் மேலேயே விழும். அது ஒரு வடிகாலின் மேலே, இடைவெளி விட்டு முடிய வேண்டும். சலவை இயந்திரத்தின் குழாய்க்கும் இது பொருந்தும். வெந்நீர்க் குழாயைத் திறக்கும்போது மட்டும் கூழ்முட்டை நாற்றம் வந்தால், குற்றம் கீசரில் இருக்கிறதே தவிர வடிகாலில் இல்லை.

அசிட் ஊற்றுவதை இன்றோடு நிறுத்துமாறு மிகவும் கேட்டுக்கொள்கிறேன். காய்ந்த வடிகாலுக்கு அது எந்தப் பயனும் செய்யாது. சீமெந்து இணைப்புகளை அரிக்கும், குழாய்களின் உலோகப் பூச்சைக் கெடுக்கும், கழிவில் படிந்துள்ள சல்பைட்டுகளோடு சேர்ந்தால் நீங்கள் விரட்ட நினைக்கும் அதே வாயுவை வெளியேற்றவும் செய்யும். அசிட் ஊற்றிய இடத்தில் பிளீச் ஊற்றினால் குளோரின் வாயு உண்டாகும். மூடிய குளியலறைக்குள் அது நுரையீரலைப் பாதிக்கும், உயிரையும் பறிக்கலாம். பினாயிலும் சாம்பிராணியும் ஆபத்தில்லை என்றாலும், சோதனை நடக்கும் இரவுகளில் இரண்டையும் தவிருங்கள். அவற்றின் மணம் சாட்சியத்தை மறைத்துவிடும்.

மொட்டைமாடிக் காற்றுக்குழாயிலோ மாடிகளின் ஊடாகச் செல்லும் பொதுக்குழாயிலோ குறை இருந்தால், அது உங்கள் தனிப்பட்ட செலவு அல்ல. 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொடர்மாடி உரிமைச் சட்டமும் அதன் திருத்தங்களும் பொதுப்பகுதிகளின் பராமரிப்பை உங்கள் கட்டடத்தின் முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்திடம் ஒப்படைத்திருக்கின்றன. எந்த நாள், எந்த நேரம், எது அடைக்கப்பட்டிருந்தது, நாற்றம் இருந்ததா என்று நீங்கள் எழுதிவைக்கும் ஒரு பக்கக் குறிப்பை இணைத்து அவர்களுக்குக் கடிதம் கொடுங்கள். குழாய்க்குள் புகையைச் செலுத்தி எந்த இடத்தில் வெளிவருகிறது என்று பார்க்கும் புகைச் சோதனையை நடத்தும்படி அந்தக் கடிதத்திலேயே கேளுங்கள். கட்டடத்தின் மேன்ஹோலைத் திறக்க நேர்ந்தால், எந்தத் தொழிலாளியும் அதற்குள் இறங்க இடங்கொடுக்காதீர்கள். ஐதரசன் சல்பைட்டு பத்து இலட்சத்தில் நூறு பங்கு அளவை எட்டினால் மூக்கு அதனை உணரும் ஆற்றலை இழந்துவிடும். நாற்றம் போய்விட்டது என்று நினைத்துக் கீழே நிற்பவர் மயங்கி விழுவார், அவரைத் தூக்க இறங்குபவரும் விழுவார்.

பாஸிடம் கோபிக்கத் தேவையில்லை. உடைக்க வேண்டும் என்று அவர் சொல்லும் இடத்தில் கசிவோ வெடிப்போ இருக்கிறது என்பதை எதை வைத்து அறிந்தார் என்று மட்டும் கேளுங்கள். கீழ்வீட்டுக் கறையையோ புகைச் சோதனையையோ காட்டினால், அந்த ஒரு குளியலறையில், அந்த ஓர் இடத்தில் மட்டும் வேலையைத் தொடங்கச் சொல்லலாம். இன்று இரவு பொலித்தீன் பையை வைத்துப் பாருங்கள்.